தப்பான பதிலுக்கு அப்புறம்

ஓர் ஆசிரியரின் கல்விக் கொள்கை என்ன என்று அவரிடமே கேட்டால் அழகான பதில் வரும். பிள்ளையை மையமாக வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்பார். பயிற்சி பெற்று வந்த எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். உண்மையில் அவருடைய கொள்கை எது என்று தெரிய வேண்டுமானால், ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொன்ன அடுத்த நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உடனே திருத்துகிறாரா, "எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறாரா, அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறாரா, இல்லை அதைக் காதில் வாங்கிக்கொண்டே பேச்சைத் தொடர்கிறாரா? இந்த ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் ஒரு கல்வித் தத்துவம் இருக்கிறது.

நான் பல வருடம் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் எடுத்தவள். இப்போது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வீட்டிலேயே துணைப்பாடம் நடத்துகிறேன். பெற்றோர் கேட்டுக்கொண்டதால் தமிழும் சேர்ந்துகொண்டது. நம் பள்ளிகளில் தமிழாசிரியர் தமிழ் மட்டும் எடுப்பார், மற்றப் பாடங்களை வேறு ஆசிரியர்கள் எடுப்பார்கள். அதனால் ஒரே பிள்ளை கணக்கில் எப்படித் தடுமாறுகிறான், தமிழில் எப்படித் தடுமாறுகிறான் என்று இரண்டையும் ஒரே ஆள் பார்க்க வாய்ப்பில்லை. என் சாப்பாட்டு மேசையில் அது தினமும் நடக்கிறது. ஒரு பாடத்தில் உதவுகிற முறை அடுத்த பாடத்தில் பிள்ளையைக் கெடுப்பதையும் அங்கேதான் பார்த்தேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். ஆசிரியர்களைவிடப் பெற்றோருக்கு இது அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. தொடக்கநிலை 5 படிக்கும் ஒரு பையன். கேள்வி இது: ஒருவன் தன்னிடம் இருந்த ஸ்டிக்கர்களில் ஐந்தில் இரண்டு பங்கைத் தங்கைக்குக் கொடுத்தான். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை நண்பனுக்குக் கொடுத்தான். கையில் 24 மீந்தன. முதலில் எத்தனை இருந்தன? பையன் மளமளவென்று எழுதி, "90, டீச்சர்" என்றான். சரியான விடை 60.

இந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் வழிமுறையை எழுதிக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவனும் அழகாகப் பார்த்து எழுதிக்கொள்வான். நான், "எப்படிக் கண்டுபிடிச்சே, எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்றேன். ஐந்தில் இரண்டையும் மூன்றில் ஒன்றையும் கூட்டியிருக்கிறான், பதினைந்தில் பதினொன்று. மிச்சம் பதினைந்தில் நான்கு. நான்கு பங்கு 24 என்றால் ஒரு பங்கு 6, பதினைந்து பங்கு 90. பின்னக் கூட்டலில் ஒரு பிசகும் இல்லை. வகுத்தல், பெருக்கல் எல்லாம் சுத்தம். நண்பனுக்குக் கொடுத்த பங்கை மிச்சத்திலிருந்து எடுக்காமல் மொத்தத்திலிருந்து எடுத்துவிட்டான், அவ்வளவுதான். வெறும் பெருக்கல் குறியைப் பார்த்திருந்தால் தனக்குப் பின்னமே வராது என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டியிருப்பான்.

தப்பு என்று நான் சொல்லவில்லை. "சரி, 90 இருந்துச்சுன்னே வச்சுக்குவோம். கதையை முதல்லேர்ந்து நடத்திப் பாரு" என்றேன். தங்கைக்கு 36 போயிற்று. மிச்சம் 54. நண்பனுக்கு 18. கையில் 36. பென்சிலை நிறுத்திவிட்டு, "24தானே இருக்கணும்?" என்று என்னையே கேட்டான். அப்புறம் நீளமாக ஒரு பட்டை வரைந்து ஐந்து கட்டமாகப் பிரிக்கச் சொன்னேன். இரண்டு கட்டத்துக்கு வண்ணம் தீட்டினான். மிச்சம் மூன்று கட்டம். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "மூணுல ஒண்ணுன்னா... ஒரே ஒரு கட்டம்தானா?" மீதி இரண்டு கட்டம் 24, ஒரு கட்டம் 12, ஐந்து கட்டம் 60. இதற்கு மேல் நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்தப் பட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. பிள்ளைகள் எந்தக் கருத்தையும் முதலில் கையால் தொட்டும், பிறகு படமாகப் பார்த்தும், கடைசியில்தான் குறியீடாகவும் உள்வாங்குகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் எழுதினார். 1980களில் நம் பாடத்திட்ட வளர்ச்சிக் கழகத்தில் கோ டெக் ஹோங் தலைமையில் இயங்கிய குழு அந்தக் கருத்தை எடுத்துத் தொடக்கநிலைக் கணிதப் புத்தகங்களாக மாற்றியது. நம் பிள்ளைகள் 'மாடல்' என்று சொல்லும் பட்டை அப்படி வந்ததுதான். 1995இல் நடந்த அனைத்துலகக் கணித ஆய்வில் சிங்கப்பூர் முதலிடத்துக்கு வந்த பிறகு மற்ற நாடுகளும் அந்தப் புத்தகங்களைத் தேடி வாங்கின. நாம் என்ன செய்கிறோம்? மாடலையும் ஒரு மனப்பாட வித்தையாக்கி, இந்த வகைக் கேள்விக்கு இந்த வகைப் பட்டை என்று பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். படம் வரையும்போது பிள்ளை யோசிக்காவிட்டால் அந்தப் பட்டையால் ஒரு பயனும் கிடையாது.

விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டுப் பார்ப்பதை மரியா மாண்டிசோரியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1907இல் ரோமில் குழந்தைகள் இல்லம் தொடங்கியவர் அவர். பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை அடையாற்றில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய மர உருளைகளை நீங்கள் பாலர் பள்ளிகளில் பார்த்திருக்கலாம். ஓர் உருளையைத் தப்பான குழியில் வைத்தால் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. தப்பு எங்கே என்று பொருளே காட்டிக்கொடுத்துவிடும், ஆசிரியர் வாய் திறக்க வேண்டாம். கணக்குப் பாடத்துக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. எந்த விடையையும் கேள்வியே சரிபார்க்கும். தன் தப்பைத் தானே பிடிக்கப் பழகிய பிள்ளைக்குத் தேர்வு மண்டபத்திலும் ஒரு துணை இருக்கிறது. அங்கே நானோ நீங்களோ பக்கத்தில் உட்கார முடியாது.

ஆனால் அதே பையன் ஏழெட்டு 54 என்று சொன்னால் எப்படி வந்தது என்றெல்லாம் நான் கேட்பதில்லை. "56. திருப்பிச் சொல்லு." அவ்வளவுதான். மறுநாளும் கேட்பேன், அடுத்த வாரமும் கேட்பேன். வாய்ப்பாட்டைக் கண்டுபிடித்துக் கற்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு ஓர் அளவு உண்டு என்று ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களின் இறுதியில் விளக்கினார். ஏழெட்டுக்கே விரல் விட்டு எண்ணுகிற பிள்ளையிடம் அந்த ஸ்டிக்கர் கணக்கை யோசிக்க மூளையில் இடம் மிஞ்சாது. மனப்பாடம் பழைய முறை, சிந்தனை புதிய முறை என்று பிரித்துப் பேசுவதை நாம் நிறுத்தினாலே வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

அறிவியலுக்கு வருவோம். கணக்கு மாதிரி இதில் தப்பு கேள்விக்குள் ஒளிந்திருக்காது. பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு முன்பே உலகத்தைப் பார்த்து ஒரு விளக்கம் வைத்திருக்கும். அந்த விளக்கம் அதற்கு நன்றாகவே வேலை செய்துகொண்டும் இருக்கும். 'கம்பளி சூடு கொடுக்கும்' என்பது அப்படி ஒன்று. தொடக்கநிலை 4இல் வெப்பம் பாடம் வரும்போது எல்லாப் பிள்ளையும் இதோடுதான் வருகிறது. கம்பளி வெப்பத்தைக் கடத்துவது குறைவு என்று புத்தகத்தில் படித்து, தேர்விலும் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு, மனத்துக்குள் பழைய நம்பிக்கையை அப்படியே வைத்திருப்பார்கள்.

நான் இரண்டு தட்டில் இரண்டு ஐஸ்கட்டி வைப்பேன். ஒன்றைத் தடித்த துண்டால் சுற்றிவிட்டு, எது முதலில் கரையும் என்று எழுதச் சொல்வேன். சொன்னால் போதாது, எழுத வேண்டும். ஏன் என்றும் ஒரு வரி எழுத வேண்டும். துண்டில் சுற்றியதுதான் முதலில் கரையும், ஏனென்றால் துண்டு சூடு என்று பெரும்பாலும் எழுதுவார்கள். அப்புறம் நாங்கள் வேறு வேலை பார்ப்போம். நம் ஊர் வெக்கையில் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. திறந்து வைத்த கட்டி தண்ணீராகிவிடும். துண்டைப் பிரித்தால் உள்ளே கட்டி இன்னும் இருக்கும். ஒரு சிறுமி துண்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "இது சூடாவே இல்லையே டீச்சர்" என்றாள். அப்போதுதான், "அப்ப போர்வை போத்தினா நமக்கு ஏன் கதகதப்பா இருக்கு?" என்று கேட்டேன். வெளிச்சூட்டை உள்ளே விடாத அதே துண்டுதான் உடம்புச் சூட்டையும் வெளியே விடாமல் வைக்கிறது என்று அவளே வந்து சேர்ந்தாள்.

இதில் எழுத வைப்பதுதான் முக்கியம். முன்கூட்டியே எழுதாவிட்டால், பார்த்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிடுவார்கள், பழைய நம்பிக்கை சேதாரமில்லாமல் தப்பிவிடும். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1896இல் சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளி நடத்தினார். அங்கே பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், அவற்றின் வழியாக அளவையும் அறிவியலையும் கற்றார்கள். செய்து கற்பது என்றாலே எல்லாரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அதே டூயி 1938இல், எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்றும் அழுத்திச் சொன்னார். அந்தப் பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். ஐஸ்கட்டி வைத்து விளையாடியது மட்டும் மிச்சம் என்றால் அந்த நேரத்துக்கு நாலு கேள்வி செய்திருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் அறிவியலில் அவசியம். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, தாமாகப் பேச முன்வந்தவர்கள் கூடினார்கள். மூன்று விநாடிதானே என்று தோன்றும். வீட்டில் செய்து பாருங்கள், மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அம்மா அப்பாவுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

தமிழ்ப் பாடம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் ஒரே பாடத்துக்குள் மூன்று விதமான தப்பு வருகிறது. மூன்றுக்கும் மூன்று விதமாக நடந்துகொள்ள வேண்டும்.

எழுத்துப்பிழையை எடுத்துக்கொள்வோம். 'பள்ளிக்குச் சென்றேன்' என்பதைப் 'பல்லிக்கு' என்று எழுதுகிறான். ஏன் அப்படி எழுதினாய் என்று விசாரிப்பதில் அர்த்தமில்லை. அவன் காதில் இரண்டும் ஒன்றாக விழுகிறது, அவ்வளவுதான். இங்கே அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் சொன்னதுதான் வேலைக்கு ஆகும். அவர் 1950களில் கற்பிக்கும் இயந்திரம் ஒன்று செய்தார். பதில் சொன்ன உடனேயே சரியா தப்பா என்று தெரிந்துவிட வேண்டும், படி சின்னதாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எழுத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. உடனே திருத்து, நாக்கை மடித்துச் சொல்ல வை, எழுத வை, இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேள். ஒரு வாரம் கழித்துச் சிவப்பு மையோடு திரும்பி வரும் தாளால் எழுத்துப்பிழை போவதில்லை.

பேச்சில் இதே கண்டிப்பைக் காட்டினால் காரியம் கெட்டுவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். பிள்ளை தமிழில் வாயைத் திறப்பதே பெரிய காரியம். "நான் நேத்து அங்காடிக்குப் போறேன்" என்று தொடங்குபவனை நிறுத்தி, "போறேன் இல்ல, போனேன்" என்று திருத்தினால், அவன் அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்வான், இல்லாவிட்டால் சொல்லவே மாட்டான். "ஓ, நேத்து அங்காடிக்குப் போனியா? என்ன சாப்பிட்டே?" என்று நான் கேட்டுவிடுவேன். திருத்தம் என் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவன், "சிக்கன் ரைஸ் சாப்டேன்" என்பான். காலம் சரியாகிவிட்டது, அவமானம் இல்லை, பேச்சும் நிற்கவில்லை. தொடக்கநிலை இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு உரையாட வேண்டும். அதற்குத் தயாராக்குகிறேன் என்று சொல்லி மாதிரி விடைகளை ஒப்பிக்க வைக்கிறார்கள். காணொளி கொஞ்சம் மாறினால் பிள்ளை திக்குமுக்காடிவிடுகிறது. தினமும் சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடம் தமிழில் பேசிய பிள்ளைக்கு அந்தக் கதி வராது.

2005இல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்னது. 2010 தாய்மொழி மறுஆய்வு, மொழி வாழும் மொழியாக இருக்க வேண்டும் என்றது. இரண்டும் சரியான திசை. ஆனாலும் இன்றும் சில பெற்றோர், பிள்ளை 'வந்துச்சு, போச்சு' என்று பேசினால் கொச்சை என்று முகம் சுளிக்கிறார்கள். அப்படிச் சுளிக்கும் வீடுகளில் கடைசியில் ஆங்கிலம்தான் மிஞ்சுகிறது. எழுதும்போது எழுத்துத்தமிழ், பேசும்போது பேச்சுத்தமிழ். பிள்ளைகள் இந்த இரண்டையும் நாம் நினைப்பதைவிடச் சுலபமாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, கட்டுரை எழுதுவது. இதில் தப்பு என்று கோடு போட முடியாத ஒரு கோளாறு இருக்கிறது. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புவான், பறவைகள் கீச்சிடும், 'என்னே அழகு' என்று ஒரு வரி வரும். இலக்கணப்பிழை இல்லை, எழுத்துப்பிழை இல்லை. பிள்ளை மட்டும் அதில் இல்லை. ஆசிரியர் போட்டு வைக்க, மாணவர் சேமித்து வைக்கும் கல்வியை வங்கிமுறை என்று பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே கண்டித்தார். நல்ல சொற்றொடர்களின் பட்டியலை நான் முழுக்க ஒதுக்கவில்லை. வீட்டில் தமிழ் காதில் விழாத பிள்ளைக்குச் சொல் எங்கிருந்து வரும்? ஆனால் வரிசை முக்கியம். முதலில் நான் கேட்பது, "நீ எப்பவாவது மின்தூக்கியில மாட்டிக்கிட்டியா, யாரையாவது தொலைச்சியா, யாருக்காவது உதவினியா?" என்பதுதான். வாயால் கதையைச் சொல்லி முடித்த பிறகு, எந்த இடத்தில் சொல் கிடைக்காமல் தடுமாறினானோ அந்த இடத்துக்கு மட்டும் சொல் கொடுப்பேன். வாளி உடைந்து தண்ணீர் கீழ்மாடி வீட்டுத் துணிகளில் கொட்டிய கதையை ஒரு பெண் எழுதினாள். கீழ்மாடிப் பாட்டி மலாய்க்காரர், மன்னிப்புக் கேட்கப் போனவளைக் கையில் ஒரு தட்டுப் பலகாரத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் கதிரவன் வரவேயில்லை. அவள் எழுதியதில் அதுதான் சிறந்த கட்டுரை.

இவ்வளவு பெயர்களைச் சொன்னேன், எல்லாம் மேல்நாட்டுப் பெயர்கள். நம் நன்னூல் இதையெல்லாம் எப்போதோ யோசித்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கண நூல் இலக்கணத்தைத் தொடங்குவதற்கு முன்பே ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று பேசுகிறது. 'கொள்வோன் கொள்வகை அறிந்து' சொல்லிக்கொடு என்கிறது. கற்பவன் எந்த வழியில் வாங்கிக்கொள்வானோ அந்த வழியைத் தெரிந்துகொண்டு கொடு. அதோடு, ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கால்பங்குதான் வரும், உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால்பங்கு, மற்றவருக்கு எடுத்துச் சொல்லும்போது மீதி அரைப்பங்கு என்று கணக்கும் சொல்கிறது. இதை நான் அப்படியே கடைப்பிடிக்கிறேன். ஐஸ்கட்டி பார்த்த தொடக்கநிலை 4 பிள்ளை அடுத்த வாரம் தொடக்கநிலை 3 பிள்ளைக்கு அதைச் செய்து காட்ட வேண்டும். சொல்லிக்கொடுக்கும்போது அவர்களுக்கே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

நன்னூலில் ஓர் இடத்தில் மட்டும் நான் விலகி நிற்கிறேன். மாணவர்களைத் தலை, இடை, கடை என்று மூன்றாகப் பிரித்து, அன்னமும் பசுவும் தலை, ஓட்டைக்குடமும் எருமையும் கடை என்று அது வரிசைப்படுத்துகிறது. என் அனுபவத்தில் ஒரே பிள்ளை கணக்கில் ஓட்டைக்குடமாகவும் தமிழ் உரையாடலில் அன்னமாகவும் இருக்கிறது. நாமும் வெகுகாலம் பிள்ளைகளை முழுசாகத்தான் வகைப்படுத்தினோம். 1979இல் வந்த அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் கல்வி அறிக்கைக்குப் பிறகு தரம் பிரித்துப் படிக்கவைத்தோம். படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகள் அதிகமாக இருந்த காலம் அது, அந்த ஏற்பாட்டுக்கு அன்று ஒரு நியாயம் இருந்தது. 2024 முதல் உயர்நிலை 1இல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் போய், ஒரு பிள்ளை ஒவ்வொரு பாடத்தையும் தனக்கேற்ற நிலையில் எடுக்கும் முறை வந்துவிட்டது. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். பள்ளி மாறிய பிறகும், "இவன் படிப்புல மந்தம்" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் மாறவில்லை என்பதுதான் வருத்தம். எந்தப் பாடத்தில், எந்த வகைத் தப்பில் என்று கேட்டால் அந்த வாக்கியமே நிற்காது.

பெற்றோரின் பயமும் எனக்குப் புரிகிறது. 2023இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு 180 கோடி வெள்ளி செலவழித்திருக்கின்றன. காசு கொடுக்கும் தாய், "டீச்சர், ஐஸ்கட்டியெல்லாம் எதுக்கு, பேப்பர் செய்ய வைங்களேன்" என்று கேட்பதில் தவறே இல்லை. அப்படிக் கேட்ட ஒரு தாயை மகன் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவன் முடித்து வைத்திருந்த தாள்களை மூவருமாகப் புரட்டினோம். ஒரே மாதிரித் தப்பு எல்லாத் தாளிலும் இருந்தது. "இன்னும் பத்துப் பேப்பர் செஞ்சா இந்தத் தப்பு பத்து தடவை பழகும்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் வீட்டில் அவரே துண்டையும் ஐஸையும் வைத்துத் தங்கச்சிப் பாப்பாவுக்குக் காட்டச் சொன்னதாக மகன் வந்து சொன்னான்.

தேர்வு ஆண்டில் நானும் தாள்கள் கொடுக்கிறேன். கடைசி சில மாதங்கள் நேரம் வைத்துத்தான் செய்ய வேண்டும், கைவேகம் அப்படித்தான் வரும். 2021 முதல் தொடக்கநிலை இறுதித் தேர்வில் மதிப்பெண்களை நிலைகளாகத் தொகுக்கும் அடைவுநிலை முறை வந்துவிட்டதால் 65இலிருந்து 74 வரை எல்லாம் ஒரே நிலைதான். அதற்குள் இரண்டு மதிப்பெண் குறைந்துவிட்டது என்று பிள்ளையை அழவைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். ஒரு சாதாரண நோட்டில் பிள்ளையின் தப்புகளை மட்டும் எழுதி வையுங்கள். பக்கத்தில், அது கை தவறியதா, தெரியாததா, தப்பாகப் புரிந்துகொண்டதா என்று பிள்ளையையே சொல்ல வையுங்கள். கை தவறியது என்றால், முடித்ததும் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். தெரியாதது என்றால் நேராகச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், கண்டுபிடிக்கட்டும் என்று காக்க வேண்டாம். தப்பாகப் புரிந்தது என்றால்தான் பொறுமை வேண்டும். அங்கேதான் பட்டை வரைவதும் ஐஸ்கட்டியும் "எப்படி வந்துச்சு?" என்ற கேள்வியும். மூன்றையும் 'கவனக்குறைவு' என்ற ஒரே பெயரில் போட்டுத் திட்டும்போதுதான் எல்லாம் குழம்புகிறது.

சில பிள்ளைகள் தப்பையே காட்ட மாட்டார்கள். நாம் எட்டிப் பார்ப்பதற்குள் அழித்துவிடுவார்கள், தாளே கிழிந்திருக்கும். அவர்களுக்கு நான் செய்கணக்கை மட்டும் பேனாவில் எழுதச் சொல்வேன், தப்பானால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே தொடர வேண்டும். முதல் சில வாரம் கைநடுக்கம் இருக்கும். கோடு போட்ட வரியைப் பார்த்து, "இந்த யோசனை நல்லா இருக்கே, எங்கே வழி மாறுச்சு?" என்று பேசத் தொடங்கிய பிறகு குறைந்துவிடும்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பாதி நேரம் மதிப்பெண்ணைப் பேசியே கழிந்துவிடும். "என் மகள் தப்பாகச் சொன்னால் நீங்கள் வகுப்பில் என்ன செய்வீர்கள், வீட்டில் நாங்களும் அதையே செய்கிறோம்" என்று கேளுங்கள். நான் பள்ளியில் இருந்தவரை அப்படிக் கேட்ட பெற்றோர் வெகு சிலர். அவர்களோடு பேசிய பேச்சு, அடுத்த பெற்றோர் வந்து வாசலில் நின்ற பிறகும் முடிந்ததில்லை.